சாலைக்கு மேற்கே ஒப்பீட்டுக் குழு

பயிற்சியின் முதல் நாளிலேயே உங்கள் கையில் ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள். ஆய்வுக்கு ஊர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற பகுதியில், "சாலை, ஏரி, ரயில் பாதை போன்ற தெளிவான எல்லைகள் உள்ள இடங்களைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். கையில் பேனா இருப்பவர்கள் அதை அடித்துவிடலாம். எழுதியவள் நான்தான், அதனால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பணியில் இருந்தபோதே அந்த வரியை நீக்கச் சொல்லி இரண்டு முறை கடிதம் எழுதினேன். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த பதிப்பில் அட்டையின் நிறம் மாறியது.

ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறவர்கள் பொதுவாக வெற்றிகளைத்தான் எதிர்பார்ப்பார்கள். என்னிடமும் ஒன்றிரண்டு இருக்கின்றன. அவை அச்சில் வந்துவிட்டன, ஆசைப்பட்டால் படித்துக்கொள்ளுங்கள். அச்சில் சரியாக வராத ஒன்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடலை ஒட்டி ஒரு குப்பம். பெயர் வேண்டாம். அங்கேயும் அதைப் போன்ற வேறு சில ஊர்களிலும் ஓர் ஆய்வு செய்தோம். கேள்வி எளிமையானது. ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு மாதாமாதம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் அழுத்தம் குறையுமா? இன்றைக்கு இது உங்களுக்குக் கேள்வியாகவே தோன்றாது. அன்று அதைக் கேட்க எங்களுக்கு ஒரு நெறிமுறைக் குழு, இரண்டு ஆலோசனைக் குழு, முப்பது பக்கப் படிவம் எல்லாம் தேவைப்பட்டன.

ஊர்களை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சீட்டுக் குலுக்கினோம். ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் ஊருக்கு மாத்திரை வீட்டுக்கு வரும். மற்றொன்று ஒப்பீட்டுக் குழு. அங்கே அழுத்தத்தை அளப்போம், அதிகமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுப்போம், அவ்வளவுதான். அதற்கு "வழக்கமான சிகிச்சை" என்று பெயர்.

ஜோடி சேர்த்தது என் பொறுப்பு. செங்கல்பட்டு அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் வரைபடத்தை விரித்துவைத்து, ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை நேராகக் கோடு கிழித்ததுபோல் இருந்தது. சாலைக்குக் கிழக்கே அந்தக் குப்பம். மேற்கே, சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. ஊராட்சிப் பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். ஒரே தொழில், ஒரே சாப்பாடு, நடுவில் வண்டிகள் பறக்கும் அகலமான சாலை. இதைவிட நல்ல ஜோடி கிடைக்குமா என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. அந்தக் குடியிருப்பில் இருப்பவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. வரைபடத்தில் அது போட்டிருக்காது.

சீட்டில் குப்பத்துக்கு மாத்திரை விழுந்தது. குடியிருப்பு ஒப்பீட்டுக் குழு ஆனது.

இன்னொரு தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் புள்ளியியல் படித்து அதில் முனைவர் பட்டம் வாங்கியவள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம். குப்பத்தில் என்னை டாக்டரம்மா என்றார்கள். முதல் நாளே திருத்தியிருக்க வேண்டும். ஆனால் டாக்டரம்மா என்றால் நாற்காலி வரும், டீ வரும், கேள்விக்குப் பதில் வரும். அதனால் திருத்தவில்லை.

மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுபோனவள் செல்வி. அவளும் அந்தக் கரையில் பிறந்தவள்தான். பன்னிரண்டாவது படித்துவிட்டு எங்களிடம் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தாள். பயிற்சியின்போது அவளிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றே ஒன்று. படிவத்தில் உள்ள கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும், உள்ளபடியே கேட்க வேண்டும், சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது. அவள் தலையாட்டினாள். எங்களிடம் வேலை செய்த எல்லோரிலும் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவள் அவள்தான்.

குப்பத்தில் எங்கள் நட்சத்திரம் கன்னியம்மா. ஐம்பது வயது இருக்கும். படகு வந்ததும் மீன் எடுத்து, தலையில் அன்னக்கூடையை வைத்துக்கொண்டு பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் போய் விற்பார். மாதம் முடிந்ததும் செல்வி காலி மாத்திரை அட்டைகளை வாங்கி எண்ண வேண்டும். மற்றவர்களிடம் இரண்டு மாத்திரை, ஐந்து மாத்திரை மிச்சம் இருக்கும். கன்னியம்மாவிடம் ஒன்றுகூட இருக்காது. சென்னையில் ஒரு கூட்டத்தில் அவர் படத்தைத் திரையில் போட்டு, மக்கள் எங்களுக்கு எப்படி ஒத்துழைக்கிறார்கள் பாருங்கள் என்று நானே பேசியிருக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து இடைக்கால முடிவுகளைப் பார்த்தோம். மாத்திரை போன குப்பத்தில் அழுத்தம் பெரிதாகக் குறையவில்லை. மாத்திரை போகாத குடியிருப்பில் ஓரளவு குறைந்திருந்தது. கன்னியம்மாவின் அழுத்தம் அசையவே இல்லை.

அலுவலகத்தில் இதற்கு விளக்கம் தேட ஆரம்பித்தோம். கருவாட்டு உப்பு என்றார் ஒருவர். அப்படியானால் மேற்கே இருப்பவர்கள் கருவாடு சாப்பிடுவதில்லையா என்று யாரும் கேட்கவில்லை. அளக்கும் கருவி கெட்டுப்போயிருக்கலாம் என்று எல்லாக் கருவிகளையும் சென்னைக்கு அனுப்பிச் சோதித்தோம், எல்லாம் சரியாக இருந்தன. அடிக்கடி அளப்பதால் மக்கள் பதற்றம் தணிந்து அழுத்தம் தானாகக் குறைகிறது என்று நான் இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன். எங்கள் தலைமை ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, இதைத் தனிக் கட்டுரையாகவே போடலாம் என்றார். அவர் என்னைவிட ஒன்பது வயது இளையவர், முறையாகப் படித்த மருத்துவர். கெட்டிக்காரர், நேர்மையானவர். குப்பத்துக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டு முறையும் விருந்தினர்களோடு.

இந்த விளக்கங்களை எல்லாம் பேசிய கூட்டங்களில் செல்வியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு நாள் மறு அளவை எடுக்க நானே போனேன். வலை பின்னும் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். காலை பத்து மணி இருக்கும். கன்னியம்மா மீன் கூடையோடு வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, சீக்கிரம் அளந்து விடு என்றார். செல்வி பட்டையைச் சுற்றி அளந்தாள். திரையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மேல் எண் இருநூற்று இருபதைத் தாண்டியிருந்தது.

எங்கள் நெறிமுறைப்படி மூன்று முறை அளக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி விட வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்து இடைவெளி விட்டேன். இரண்டாவதும் அப்படியே வந்தது. மறுபடி ஐந்து நிமிடம். மூன்றாவது இன்னும் கொஞ்சம் ஏறியது. மூன்றையும் படிவத்தில் அழகாக எழுதினேன். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கும்.

என்ன செய்கிறது என்று கேட்டேன். தலை கொஞ்சம் கிர்ரென்று இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். சொல்லிக்கொண்டே கூடையைத் தூக்குவதற்காகத் துணியைச் சும்மாடாகச் சுற்றினார். துணி வலது கையிலிருந்து நழுவியது. எடுத்து மறுபடி சுற்றினார். மறுபடி நழுவியது. முப்பது வருடமாகத் தினமும் செய்கிற வேலை அது. அவர் தன் கையை ஏதோ பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நான் மருத்துவம் படித்ததில்லை. ஆனால் அதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எங்கள் வண்டியிலேயே போகலாம் என்றேன். மீனை வைத்துவிட்டு வர மாட்டேன் என்றார். தினமும் மாத்திரை சாப்பிட்டும் ஏன் இப்படி ஆயிற்று என்று நான் பாதி எனக்கும் பாதி அவருக்குமாகக் கேட்டேன். அப்போதுதான் செல்வி வாயைத் திறந்தாள்.

"மேடம், அது மாத்தர துன்னு மூணு வாரம் ஆவுது. அல்லாம் அந்தாண்ட தங்கச்சி வூட்டுக்குப் போவுது."

கன்னியம்மா அவளை முறைத்தார். ஆனால் மறுக்கவில்லை.

விஷயம் இதுதான். கன்னியம்மாவின் தங்கை அஞ்சலை சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பில் இருக்கிறார். அந்தக் குடியிருப்பே இந்தக் குப்பத்தின் பாதிதான். அலையில் வீடு போனவர்களுக்கு அங்கே வீடு கொடுத்திருந்தார்கள். அக்கா இங்கே, தங்கை அங்கே, மாமியார் இங்கே, மருமகள் அங்கே. அஞ்சலைக்கு அழுத்தம் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. நாங்கள்தான் போய் அளந்து, உனக்கு இருக்கிறது, கவனிக்காவிட்டால் ஆபத்து என்று நன்றாகப் பயமுறுத்தி, கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தோம். சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை கொடுப்பது புதன்கிழமை காலையில். அந்த நேரத்தில்தான் படகுகள் கரைக்கு வரும். மீனை விற்றுவிட்டுப் போனால் மாத்திரை கொடுக்கும் ஜன்னல் மூடியிருக்கும். அஞ்சலை மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அக்காவுக்கோ மாத்திரை வீடு தேடி வருகிறது. ஒரு நாள் அக்காவுக்கு, மறுநாள் தங்கைக்கு என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். போன மாதம் அஞ்சலை கரையில் மயங்கி விழுந்தார். அதனால் அந்த மாத அட்டை முழுவதையும் கன்னியம்மா அவரிடமே கொடுத்துவிட்டார்.

காலி அட்டைகள் மட்டும் ஒழுங்காக எங்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

செல்விக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் மாதத்திலிருந்தே தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் குரலில் கிண்டல் துளியும் இல்லை.

"படிவத்துல அந்தக் கேள்வி இல்லியே மேடம்."

நின்று யோசிக்க நேரமில்லை. வண்டியைக் கூடத்துக்குப் பக்கத்தில் வரச் சொன்னேன். கன்னியம்மா ஏறாமல் நின்றார்.

"நா வரேன். அவளுக்கு இன்னாத்த குடுப்ப? நா பூட்டன்னா அவளுக்கு மாத்தர யாரு குடுப்பா?"

செல்வியின் பையில் மற்ற வீடுகளுக்கான அட்டைகள் இருந்தன. கன்னியம்மாவின் கண் அந்தப் பையில்தான் இருந்தது. நான் தலைமை ஆய்வாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் பதறாமல் கேட்டார். சரியான பதில்களையே சொன்னார். கன்னியம்மாவை உடனே அனுப்புங்கள் என்றார். தங்கை ஒப்பீட்டுக் குழுவைச் சேர்ந்தவர், அவருக்கு நாம் மாத்திரை கொடுக்க முடியாது, கொடுத்தால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும், நெறிமுறைப்படி சீட்டு எழுதிக் கொடுங்கள் என்றார். சீட்டு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றேன். அப்படியானால் நினைவூட்டல் சீட்டு கொடுக்கலாம் என்றார். அப்படி ஒன்று எங்களிடம் உண்மையாகவே இருந்தது. அச்சடித்து வைத்திருந்தோம்.

போனை வைத்தேன். கன்னியம்மா என்னைப் பார்த்து, நீ டாக்டர்தானே, நீயே அவளுக்கு எழுதிக் கொடு, நான் ஏறுகிறேன் என்றார்.

நான் டாக்டர் இல்லை, கணக்குப் படித்தவள் என்றேன். ஒரு வருடம் தாமதமாக.

அவர் கோபமாகத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"அப்ப இத்தினி நாளா எங்கிட்ட இன்னா பண்ணிக்கினு இருந்த?"

அப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாத்திரை கொடுக்க எனக்கு உரிமை இல்லை, மருத்துவம் படிக்காததால் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவும் உரிமை இல்லை. ஆனால் ஒப்பீட்டுக் குழுவைச் சேர்ந்த ஒருவரை வண்டியில் ஏற்றக் கூடாது என்று முப்பது பக்கத்தில் எங்கேயும் எழுதவில்லை. தங்கையையும் அழைத்துக்கொண்டு போகலாம், அங்கே டாக்டர் இரண்டு பேரையும் பார்க்கட்டும் என்றேன். கன்னியம்மா யோசித்தார். மீனும் வரும் என்றார். சரி என்றேன்.

இந்த இடத்தில் பல பேர் தவறு செய்வதைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தவுடன் நாம் அதட்ட ஆரம்பிப்போம். மீன் முக்கியமா உயிர் முக்கியமா என்று கேட்போம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வைப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். மீனை வண்டியில் வைக்க அரை நிமிடம் போதும்.

சாலையைக் கடந்து அஞ்சலையை ஏற்றிக்கொண்டோம். அவர் அக்காவின் கையைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். திருக்கழுக்குன்றத்தில் மீன் விற்கும் தெருவைத் தாண்டும்போது கன்னியம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். பேச்சு ஏற்கெனவே குழற ஆரம்பித்திருந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார், நான் நிறுத்தச் சொன்னேன். அஞ்சலை இறங்கி ஓடி, கூட விற்கும் ஒருத்தியிடம் கூடையை ஒப்படைத்துவிட்டு வந்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. அதன் பிறகு கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார். அந்த ஒரு நிமிடமும் என் கணக்கில்தான் இருக்கிறது. நிறுத்தாமல் போயிருந்தால் அவர் வழியில் இறங்கியிருப்பார் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். நிரூபிக்க வழியில்லை, ஒப்பீட்டுக் குழு இல்லை.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, சின்னது, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார்கள். அங்கேயே ஒரு டாக்டர் அஞ்சலையையும் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அஞ்சலைக்கு அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் ஒரு வருடமாகச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள், நெறிமுறையிலிருந்து விலகியதற்கான அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதில் "காரணம்" என்று ஒரு கட்டம். நான் "தங்கை" என்று எழுதினேன். தலைமை ஆய்வாளர் அதை அடித்துவிட்டு "சமூகக் காரணிகள்" என்று எழுதினார். வண்டியில் ஏன் இவ்வளவு மீன் வாடை என்றும் கேட்டார். அதுவும் சமூகக் காரணிதான் என்றேன்.

பிறகு எல்லா ஊர்களிலும் விசாரிப்பது என்று முடிவானது. "உங்களுக்குத் தரப்பட்ட மாத்திரையை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா?" என்று ஒரு கேள்வி எழுதினேன். இல்லை, இல்லை, இல்லை என்று பதில் வந்தது. போலீஸ்காரர் கேட்டால் என்ன பதில் வருமோ அதேதான். செல்வியைக் கூப்பிட்டு, நீ கேட்பதானால் எப்படிக் கேட்பாய் என்றேன். அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவள் தயங்காமல் சொன்னாள்.

"மாத்தர வூட்ல யார் யாருக்குப் பத்தலன்னு கேப்பேன் மேடம்."

அப்படியே கேட்டாள். எல்லோரும் கொட்டித் தீர்த்தார்கள். புருஷனுக்குப் பத்தவில்லை, மாமியாருக்குப் பத்தவில்லை, எதிர்வீட்டு அண்ணாத்தைக்குப் பத்தவில்லை. ஒருத்தி மாதம் பத்து மாத்திரை பஸ் டிரைவர் மூலமாக மதுராந்தகத்தில் இருக்கும் நாத்தனாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். என் சிவப்புக் கோட்டுக்கு எங்கேயும் மரியாதை இருக்கவில்லை.

இந்த ஒரு ஜோடியை மட்டுமாவது கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்றார் தலைமை ஆய்வாளர். எடுத்துவிட்டால் முடிவு கொஞ்சம் பார்க்கும்படியாக இருந்தது. உங்களுக்கு நான் யோக்கியமாகத் தெரிய வேண்டும் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. முறைப்படி பங்கேற்பாளரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்பதற்காகக் கன்னியம்மாவின் வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடது கையால் ரப்பர் பந்து ஒன்றை எடுத்து வலது கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். பேச்சு திரும்பியிருந்தது. கை முக்கால்வாசி திரும்பியது, முழுதாகத் திரும்பவில்லை. மீன் அரியும் கத்தியை அதற்குப் பிறகு அவரால் பிடிக்க முடியவில்லை. நான் சுற்றி வளைத்துச் சொன்னேன். ஆய்வின் துல்லியத்துக்காக உங்கள் விவரங்களையும் உங்கள் ஊர் விவரங்களையும் நீக்குகிறோம், உங்களுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று தாளைப் பார்த்துப் படித்தேன்.

"நா இன்னா தப்பு பண்ணன், என்ன எடுக்கறதுக்கு?" என்றார். கூடவே வலது கையைத் தூக்கிக் காட்டினார். "எடுத்துட்டா இது வர்லன்னு ஆயிடுமா?"

திரும்பி வந்து தலைமை ஆய்வாளரிடம் அந்த இரண்டு வாக்கியத்தையும் அப்படியே சொன்னேன். என் கருத்து எதையும் சேர்க்கவில்லை. படிவம் நிரப்புவது போலவே சொன்னேன். அவர் கட்டுரை வரைவை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு, இதை எழுதினால் ஆய்வு தோற்றதாகத்தான் அர்த்தம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். முழுவதையும் எழுதினார். மாத்திரை எங்கெங்கே போனது, ஏன் போனது, ஜோடியைத் தேர்ந்தெடுத்ததில் என்ன தவறு, எல்லாவற்றையும். தவறு யாருடையது என்ற இடத்தில் "எங்கள்" என்று போட்டிருந்தார். நான் அதை "என்" என்று மாற்றச் சொன்னேன், இதழ்களில் அப்படி எழுத விட மாட்டார்கள் என்றார்.

பல இதழ்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் யாரும் படிக்காத ஒன்றில் வந்தது. யாரும் படிக்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. சில வருடம் கழித்து ஒரு கருத்தரங்கில், வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதால் பயனில்லை என்பதற்குச் சான்றாக ஒருவர் எங்கள் கட்டுரையைத் திரையில் போட்டார். சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் படித்திருந்தார். நான் கையைத் தூக்கி, பயன் இருந்தது, அதனால்தான் எல்லோரோடும் பகிர்ந்துகொண்டார்கள் என்று ஆரம்பித்தேன். கேள்விகளுக்கு ஒரு நிமிடம்தான் என்றார்கள். ஒரு நிமிடத்தில் கன்னியம்மா யார் என்பதையே சொல்லி முடிக்க முடியவில்லை.

ஆய்வு முடிந்ததும் முடிவைக் குப்பத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. வலை பின்னும் கூடத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். முதல்முறையாக எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்திருந்தோம். இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதை என்னால் முடிந்த அளவு பேச்சுத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். முடித்ததும் ஒரு பெரியவர், அதெல்லாம் சரி, வருகிற மாதம் மாத்திரை வருமா வராதா என்று கேட்டார்.

வராது என்றேன். ஆய்வு முடிந்துவிட்டது என்று காரணமும் சொன்னேன். யாரும் சண்டை போடவில்லை. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனார்கள். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செல்விக்கு வேறு திட்டத்தில் வேலை கிடைத்தது. கேள்வி எழுதும் குழுவில் அவளைச் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரை எழுதினேன். இன்று அவளுக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். உங்களில் சிலர் அவளிடம்தான் போகப் போகிறீர்கள். அவள் கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது கன்னியம்மாவைப் பார்க்கலாம் என்று இறங்கினேன். வீட்டில் இல்லை, தங்கை வீட்டில் இருக்கிறார் என்றார்கள். போனேன். அங்கே அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அஞ்சலை தரையில் சுகாதார நிலையத்தில் தரும் நோயாளி நோட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் பரப்பி ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஆய்வை முடித்துவிட்டுப் போன இரண்டாவது மாதமே தொடங்கிவிட்டார்களாம். கன்னியம்மாவால் மீன் அரிய முடியாது என்பதால், அஞ்சலையின் மீனையும் சேர்த்து விற்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அதனால் அஞ்சலைக்குப் புதன்கிழமை காலை ஓய்வு கிடைத்தது. எல்லோருடைய நோட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார். ஆளைப் பார்க்காமல் மாத்திரை தர முடியாது என்று நர்ஸ் சொன்னார். மீன் விற்றுவிட்டு அவர்கள் வரும்போது நீ பூட்டிக்கொண்டு போய்விடுகிறாய், பிறகு யாரைத்தான் பார்ப்பாய் என்று அஞ்சலை கேட்டார். உள்ளே இருந்த இளம் டாக்டரின் காதில் அது விழுந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிற்பகலில் எல்லோரையும் வரச் சொல்லி அளப்பது, நடுவில் வரும் மாதங்களில் அஞ்சலை கையில் கொடுத்தனுப்புவது என்று பேசி முடித்தார்கள். நெறிமுறைக் குழு எதுவும் கூடவில்லை. ஒரே நாளில் முடிந்தது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள், காலி அட்டையை வாங்கிப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். பழக்கம் விடவில்லை.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலைதான் பதில் சொன்னார்.

"காலி அட்டய நா நம்ப மாட்டேன். அத பண்ணவங்களே நாங்கதான. வூட்டுல புச்சா யாருக்குன்னா பிரஷர் வந்துகீதான்னு கேப்பேன். வந்தா அவங்களுக்கும் ஒரு நோட்டு போட்ருவேன்."

இரண்டு வருடம், முப்பது பக்கப் படிவம், அத்தனை கூட்டங்கள். எங்களுக்கு வராத கேள்வி அது. இதைப் பற்றி நான் எழுதலாமா என்று கேட்டேன். ஓய்வு பெறப் போகிறவளுக்கு வரும் ஆசை. கன்னியம்மா சிரித்தார். அஞ்சலை தலையை நிமிர்த்தாமல் அட்டைகளைப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

"எழுதிக்க. புதன்கெழம மட்டும் வராத. அன்னிக்கு ஜனம் ஜாஸ்தி, நீ வேற படிவத்த எடுத்துக்கினு குறுக்க நிப்ப."

கேட்டு எழுத வேறொரு நாள்தான் போனேன்.